டீபக்கர் காட்டும் எண்: நீலகிரி மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

உதகை, குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் பக்கமிருந்து கம்ப்யூட்டர் படிக்கும் மாணவ மாணவியருக்கு,

கேத்தியில் படித்தாலும் சரி, கோவையில் விடுதியில் தங்கிப் படித்தாலும் சரி, உங்களில் பலரிடம் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதை உங்களிடமே நேரில் சொல்லிவிட வேண்டும் என்பதற்காகத்தான் இந்த மடல்.

புரோகிராம் பிரேக்பாயிண்ட்டில் நிற்கிறது. பக்கத்துப் பெட்டியில் வேரியபிள்களின் மதிப்புகள் வரிசையாகத் தெரிகின்றன. அதில் ஒன்று நீங்கள் நினைத்தபடி இல்லை. உடனே கை கீபோர்டுக்குப் போகிறது. நன்றாக இருந்த வரியில் ஒன்றைக் கூட்டுகிறீர்கள். சரிவரவில்லை என்றால் ஒன்றைக் கழிக்கிறீர்கள். எதிர்பார்த்த எண் எப்படியோ வந்து விழுந்ததும் வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறீர்கள். பழைய பிழை இருந்த இடத்திலேயே இருக்கிறது. புதிதாக நீங்கள் வைத்த பிழையும் அதற்குத் துணையாகச் சேர்ந்திருக்கிறது.

இன்னொரு சாரார் இதற்கு நேர் எதிர். இரண்டு முறை எண் இடறினால் போதும், "டீபக்கர் பொய் சொல்லுதுடா" என்று அதை மூடிவிட்டு, அதன் பிறகு படிப்பு முடியும்வரை அந்தப் பக்கமே போவதில்லை. முதல் சாரார் காட்டியதையெல்லாம் நம்புகிறார்கள். இரண்டாம் சாரார் எதையும் நம்புவதில்லை. அந்த எண் எங்கிருந்து வந்தது என்று இரண்டு பேருமே கேட்பதில்லை.

கேளுங்கள் என்பதுதான் இங்கே வைக்கப்படும் வேண்டுகோள். ஏன் கேட்க வேண்டும் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

சி மொழியில் எழுதிய புரோகிராம் ஓடும்போது, நீங்கள் வைத்த 'எடை', 'மொத்தம்' என்ற பெயர்கள் எதுவும் அங்கே வேலை செய்வதில்லை. இருப்பவை மெமரியும் ரெஜிஸ்டர்களும்தான். டீபக் தகவல் வேண்டும் என்று கேட்டுக் கம்பைல் செய்தால், கம்பைலர் தனியாக ஒரு குறிப்பேட்டை எழுதி வைக்கிறது. இந்தப் பெயர் இந்த வகை. இந்தக் கட்டளையிலிருந்து இந்தக் கட்டளைவரை ஸ்டாக்கில் இந்த இடத்தில் இருக்கும். அதன் பிறகு இந்த ரெஜிஸ்டருக்குப் போகும் என்று அதில் குறித்திருக்கும். லினக்ஸில் இந்தக் குறிப்பேட்டின் வடிவத்துக்கு டுவார்ஃப் என்று பெயர். அதன் ஐந்தாம் பதிப்பு 2017-இல் வந்தது. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1986-இல் எழுதத் தொடங்கிய ஜி.டி.பி. போன்ற டீபக்கர்கள் செய்வது, இந்தக் குறிப்பேட்டைப் படித்து, அது சொல்லும் இடத்தில் உள்ள பைட்டுகளை எடுத்து, அது சொல்லும் வகைப்படி எண்ணாக்கிக் காட்டுவது. அதாவது உங்கள் கண்ணுக்கு வரும் எண் மூன்று கை மாறி வருகிறது. கம்பைலர் குறித்தது, டீபக்கர் படித்தது, திரை வடிவம் கொடுத்தது. இவற்றில் எந்தக் கையிலும் தவறு நேரலாம். எந்தக் கையிலும் நேராமல், உங்கள் எதிர்பார்ப்பே தவறாகவும் இருக்கலாம்.

நேரில் பார்க்காமல் கணித்துச் சொல்லும் எண் என்பதால் அதை மட்டமாக நினைத்துவிட வேண்டாம். அதற்கு உங்கள் ஊரிலேயே உலகறிந்த சான்று இருக்கிறது. ஊட்டி ராஜ்பவன் பகுதியில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் காஸ்மிக் கதிர் ஆய்வகத்தில் கிரேப்ஸ்-3 சோதனை நடக்கிறது. மியூவான் என்ற நுண்துகள்களை எண்ணும் அதன் தொலைநோக்கியில் 3,712 உணர்குழாய்கள், மொத்தம் 560 சதுர மீட்டர் பரப்பில். 2014 டிசம்பர் 1 அன்று ஊட்டிக்கு மேல் ஓர் இடிமேகம் நின்றபோது, வந்துசேரும் மியூவான்களின் எண்ணிக்கை 18 நிமிடங்களுக்குச் சுமார் 2 சதவீதம் குறைந்தது. அதிலிருந்து மேகத்தின் மின்னழுத்தம் 1.3 ஜிகாவோல்ட், அதாவது 130 கோடி வோல்ட் என்று கணித்து 2019-இல் வெளியிட்டார்கள். பலூன்களை அனுப்பி அதற்கு முன் அளந்திருந்த உச்ச அளவு இதில் பத்தில் ஒரு பங்குதான்.

130 கோடி வோல்ட் என்று எந்த மீட்டரின் முள்ளும் காட்டவில்லை. மியூவான் எண்ணிக்கை, துகள்களின் பாதையைக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்த கணக்கு, சுற்றுவட்டத்தில் நான்கு இடங்களில் வைத்திருந்த மின்புல அளவிகள், 2011 ஏப்ரலிலிருந்து பதிவான 184 இடிமழைகளின் தரவு ஆகியவற்றை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தே அந்த எண்ணைச் சொன்னார்கள். 2 சதவீதச் சரிவைக் கருவிக் கோளாறு என்று ஒதுக்கியிருந்தாலும் அந்த எண் கிடைத்திருக்காது. சரிபார்க்காமல் அப்படியே நம்பியிருந்தாலும் அதை யாரும் ஏற்றிருக்க மாட்டார்கள். லேபில் உங்களிடம் எதிர்பார்ப்பது இதே நிதானத்தைத்தான், அளவில் மட்டும் சிறியது.

இனி உங்கள் மேஜைக்கு வருவோம். ஓர் இலைக் கணக்கு புரோகிராமை எடுத்துக்கொள்வோம். விவசாயி கொண்டுவரும் பச்சைத் தேயிலையைச் சாக்கோடு நிறுத்து, சாக்கு எடையைக் கழித்து, நிகரத்தை மொத்தத்தில் சேர்க்கும் சின்னக் கணக்கு.

முதலில், டீபக்கர் உண்மையைச் சொல்லியும் நீங்கள் நம்ப மறுக்கும் இடங்கள். 1990களின் தொடக்கத்தில் வந்த டர்போ சி++ இன்னும் சில லேப்களில் ஓடுகிறது. அதில் இன்ட் வகைக்கு இரண்டே பைட். மாத மொத்தம் 40,000 கிலோவைத் தொட்டால் திரையில் தெரிவது -25,536. பார்த்ததும் டீபக்கர் குழம்பிவிட்டது என்று தோன்றும். குழம்பவில்லை. 32,767-க்கு மேல் அந்த வகையில் இடம் இல்லை. உங்கள் வேரியபிளில் இருப்பதே அந்த எண்தான்.

விஷுவல் சி++ பயன்படுத்துவோர் -858993460 என்ற எண்ணைப் பார்த்திருப்பீர்கள். டீபக் முறையில் கம்பைல் செய்யும்போது, மதிப்பு கொடுக்காத லோக்கல் வேரியபிள்களை ஒரே மாதிரி பைட்டால் நிரப்பி வைக்கிறது அந்தக் கம்பைலர். அதை இன்ட் ஆகப் படித்தால் வருவது இந்த எண். வேண்டுமென்றே விகாரமாக வைத்தது. உங்கள் கண்ணில் பட வேண்டும் என்பதுதான் நோக்கம். இதோடு சேர்த்து, மஞ்சள் அம்புக்குறி நிற்கும் வரி இன்னும் ஓடவில்லை என்பதையும் மறந்துவிடாதீர்கள். 'நிகரம்' கணக்கிடும் வரியில் நின்றுகொண்டு 'நிகரம்' ஏன் தப்பாக இருக்கிறது என்று கேட்டால், ஒரு ஸ்டெப் போட்டால் போதும் என்பதே பதில்.

தமிழில் தரவு வைப்போருக்கு இன்னொரு பொறி. ஊரின் பெயரை வைக்க 'ஊட்டி' மூன்று எழுத்துதானே, முடிவுக்குறிக்கு ஒன்று சேர்த்து நான்கு பைட் போதும் என்று ஒதுக்குகிறீர்கள். யூனிகோடில் 'ஊட்டி' ஐந்து குறிகள்: ஊ, ட, புள்ளி, ட, இகரக் கொக்கி. யூ.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் என்று மொத்தம் பதினைந்து, முடிவுக்குறியோடு பதினாறு. ஒதுக்கியது நான்கு. மிச்சம் பன்னிரண்டு பைட் அடுத்த வீட்டில் போய் உட்காருகிறது. அங்கே 'எடை' இருந்தால் அதன் மதிப்பு, அதைத் தொடும் வரி ஒன்றுகூட ஓடாமலே, தாறுமாறாக மாறியிருக்கும். டீபக்கர் காட்டியது முழு உண்மை. நீங்கள்தான் 'எடை' வரும் வரிகளையே சுற்றிச் சுற்றித் திருத்திக்கொண்டிருக்கிறீர்கள். இப்படிப்பட்ட இடத்தில் வாட்ச்பாயிண்ட் வையுங்கள். 'எடை' மாறும் கணத்தில் புரோகிராமை நிறுத்து என்று சொன்னால், பெயரை நகல் எடுக்கும் வரியில் போய் நிற்கும். இன்டெல் வகைப் பிராசசர்களில் இதற்கென்றே நான்கு முகவரிகளைக் கண்காணிக்கும் வசதி வன்பொருளிலேயே இருக்கிறது.

அதே 'ஊட்டி' இன்னொரு வகையிலும் மிரட்டும். திரையின் எழுத்துக்குறி அமைப்பு யூ.டி.எஃப்-8 இல்லையென்றால், 'ஊ' இருக்க வேண்டிய இடத்தில் \340\256\212 என்று ஜி.டி.பி. காட்டும். மெமரியில் இருப்பது சரியான 'ஊ'தான். கெட்டது மூன்றாவது கை, அதாவது திரை வடிவம். 12.3 கிலோ என்று ஃப்ளோட் வகையில் வைத்தால் 12.3000002 என்று தெரிவதும் வேறொரு கணக்கு. 12.3-ஐ இரும எண்ணில் முழுதாக எழுத முடியாது. பக்கத்தில் எது கிடைக்கிறதோ அதைத்தான் மெமரி வைத்திருக்கிறது, டீபக்கர் அதை மறைக்காமல் சொல்கிறது. பணக் கணக்கைப் பைசாவாக முழு எண்ணில் வையுங்கள் என்று மூத்தவர்கள் சொல்வது இதனால்தான்.

அடுத்தது, டீபக்கரும் சரி, புரோகிராமும் சரி, இரண்டும் வேறு வேறு ஆளைப் பற்றிப் பேசும் இடங்கள். கோப்பைத் திருத்திவிட்டு மறுபடி கம்பைல் செய்யாமல் ஓட்டினால், திரையில் தெரிவது புதிய வரிகள், ஓடுவது பழைய புரோகிராம். அம்புக்குறி காலி வரியிலோ கமெண்ட்டிலோ போய் நின்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். ஜி.டி.பி. இதற்கு ஒரு வரி எச்சரிக்கைகூடத் தருகிறது. அதை யாரும் படிப்பதில்லை. லூப்புக்குள் ஒரு 'எடை', வெளியே ஒரு 'எடை' என்று ஒரே பெயரில் இரண்டு வைத்திருந்தாலும், ஸ்டாக்கில் வேறொரு ஃபங்ஷனைத் தேர்ந்தெடுத்துவிட்டு மறந்திருந்தாலும் இதே குழப்பம்தான்.

இனி, காட்டும் எண்ணே நிஜமாகத் தவறாக இருக்கும் இடம். இதை நிதானமாகப் பாருங்கள், ஏனென்றால் இங்கேதான் அதிகம் ஏமாறுகிறீர்கள்.

இலைக் கணக்கை ஓ டூ என்ற ஆப்டிமைசேஷனோடு கம்பைல் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் சாக்கு 27 கிலோ, காலிச் சாக்கு 1 கிலோ, நிகரம் 26. கம்பைலருக்கு 'நிகரம்' என்பது ஒரு நொடித் தேவை. மொத்தத்தில் கூட்டியாயிற்று என்றால் அதன் வேலை முடிந்தது. அந்த ரெஜிஸ்டரிலேயே அடுத்த சாக்கின் எடையான 31-ஐக் கொண்டுவந்து வைத்துவிடுகிறது. இப்போது லூப்பின் கடைசி வரியில் நிறுத்தி 'நிகரம்' என்ன என்று கேட்கிறீர்கள். குறிப்பேடு ஒழுங்காக இருந்தால், 'ஆப்டிமைஸ்டு அவுட்' என்று பதில் வரும். பல மாணவர்கள் இதைப் பார்த்து எரிச்சல்படுகிறார்கள். உண்மையில் அது நாணயமான பதில், அந்த மதிப்பு இப்போது எங்கும் இல்லை என்கிறது. குறிப்பேட்டில் பிழை இருந்தால் 31 என்று வரும். 31 கிலோ என்பது ஒரு சாக்குக்கு நம்பக்கூடிய எடை. யாருக்கும் சந்தேகமே வராது. -858993460 உங்களைக் கூவி எச்சரிக்கும். 31 சத்தமில்லாமல் ஏமாற்றும்.

மூன்றாவது சாத்தியமும் உண்டு. வேகத்துக்காகக் கம்பைலர் கட்டளைகளின் வரிசையை மாற்றியிருக்கலாம். அம்புக்குறி மொத்தம் கூட்டும் வரியைத் தாண்டியிருக்கும், கூட்டல் இன்னும் நடந்திருக்காது. மெமரியில் உள்ளதை டீபக்கர் சரியாகவே படிக்கிறது. ஆனால் நீங்கள் நிற்பதாக நினைக்கும் இடத்துக்கு உரிய மதிப்பு அது இல்லை. ஜான் ஹென்னசி 1982-இலேயே ஓர் ஆய்வுக் கட்டுரையில் இந்தச் சிக்கலை அலசி, எந்தெந்த வேரியபிள்களின் மதிப்பு இப்படிக் காலம் தப்பி நிற்கும் என்று கண்டுபிடிக்க வழி சொன்னார். பின்னாளில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்து, 2017-க்கான டூரிங் விருதையும் பகிர்ந்துகொண்டவர் அவர். பிரச்சினை இன்றுவரை முழுதாகத் தீரவில்லை. 2021-இல் ஆஸ்ப்ளாஸ் மாநாட்டில் வெளியான ஓர் ஆய்வு, ஜி.சி.சி., எல்.எல்.வி.எம். என்ற இரண்டு பெரிய கம்பைலர் குடும்பங்களின் டீபக் தகவலிலும் பிழைகளைத் தேடிப் பிடித்துக் காட்டியது.

அதனால் சந்தேகம் வந்தால் ஆப்டிமைசேஷனை நிறுத்தி, ஓ ஜீரோவில் கம்பைல் செய்து பாருங்கள். ரொம்ப மெதுவாக ஓடினால் 2013-இல் ஜி.சி.சி. 4.8-இல் வந்த ஓஜி என்ற நடுவழி இருக்கிறது. ஆனால் ஒரு எச்சரிக்கை. ஓ ஜீரோவில் டீபக்கர் காட்டும் எண் மட்டும் திருந்தினால் சரி. புரோகிராமின் விடையே திருந்திவிட்டால் சந்தோஷப்படாதீர்கள். பெரும்பாலும் மதிப்பு கொடுக்காத வேரியபிளோ, எல்லை தாண்டிய அர்ரேயோ எங்கோ ஒளிந்திருக்கிறது என்று பொருள்.

சி பக்கமே போகாதவர்களும் தப்பிவிட முடியாது. குரோம் கன்சோலில் ஓர் ஆப்ஜெக்டை அச்சிட்டுவிட்டுப் பிறகு விரித்துப் பார்த்தால், தெரிவது அச்சிட்ட நேரத்து மதிப்பு அல்ல, விரித்த நேரத்து மதிப்பு. பக்கத்தில் உள்ள சின்னக் குறியின் மேல் மௌஸை வைத்தால் அதுவே சொல்லும். பைத்தானில் டீபக்கருக்குள் நின்று லோக்கல் வேரியபிளை மாற்றினால், சில சமயம் மாற்றம் நிற்காமல் பழைய மதிப்பே திரும்பிவிடும். 2024 அக்டோபரில் வந்த 3.13 பதிப்பில்தான் இதைத் திருத்தினார்கள். சி ஷார்ப்பில் ஒரு பிராபர்ட்டியை வாட்ச் பெட்டியில் போட்டால், அதைக் காட்டுவதற்காகவே உங்கள் கோடு ஒருமுறை ஓடும்; அந்தக் கோடு எதையாவது மாற்றினால், பார்த்ததாலேயே மதிப்பு மாறிவிடும்.

இவ்வளவையும் உங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லையே என்று கேட்டால், அந்தக் கேள்வி நியாயமானது. குறை உங்களிடம் மட்டும் இல்லை. லேப் ரெக்கார்டைப் புரட்டிப் பாருங்கள். நோக்கம், அல்காரிதம், புரோகிராம், அவுட்புட், ரிசல்ட். ஐந்து தலைப்புகளும் எல்லாம் சரியாக நடந்துவிட்டதாகவே பேசுகின்றன. அவுட்புட் வருவதற்கு முன் நீங்கள் மல்லுக்கட்டிய மூன்று மணி நேரத்துக்கு அதில் ஓர் அங்குல இடம் கிடையாது. அதற்கு மதிப்பெண் இல்லை, வைவாவில் கேள்வி இல்லை. டீபக்கரைத் திறப்பது எப்படி என்பதையே சீனியர் யாராவது சொல்லித்தான் தெரிந்துகொள்கிறீர்கள். அந்தச் சீனியரும் இப்படியே கற்றுக்கொண்டவர். வேலைக்குப் போன பிறகு, பிறர் எழுதிய லட்சக்கணக்கான வரிகளுக்கு நடுவே பிழை தேடுவதே தினசரி வேலையாகிவிடுகிறது. கல்லூரியில் அதற்கென்று ஒரு பக்கம்கூட எழுதிப் பழகாத பிள்ளைகள் அங்கே திணறுவதில் வியப்பு என்ன இருக்கிறது?

பாடத்திட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டாம். உங்களால் ஆகக்கூடிய ஒரு காரியம் இருக்கிறது. இந்த செமஸ்டரிலிருந்து ரெக்கார்டில் அவுட்புட்டுக்கு முன்னால் 'பிழைதேடல்' என்று ஆறாவது தலைப்பு ஒன்றைச் சேருங்கள். திரையில் தெரிந்த எண் எது, நீங்கள் எதிர்பார்த்தது எது, எதை வைத்து எதிர்பார்த்தீர்கள், வேறு எந்த வழியில் சரிபார்த்தீர்கள், கடைசியில் தவறு எந்தக் கையில் இருந்தது, இவ்வளவும் அரைப் பக்கத்தில் அடங்கிவிடும். அந்த அரைப் பக்கத்தை எழுதி முடிக்கும்வரை புரோகிராமில் ஒரு எழுத்தையும் மாற்றாதீர்கள். சரிபார்க்க ஒரே வழியை நம்பாதீர்கள்: மெமரியின் பைட்டுகளை நேராகப் பாருங்கள், ஒரு பிரிண்ட் போடுங்கள், பேனாவால் கணக்கு போடுங்கள். மூன்றும் ஒத்துப்போனால் சந்தேகப்பட வேண்டியது உங்கள் எதிர்பார்ப்பை.

அதைத் தமிழில் எழுதினால் இன்னும் நல்லது. பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்துவிட்டு அடுத்த ஆண்டு உங்கள் லேபுக்கு வரப்போகும் தம்பி தங்கைகளுக்கு அது கைகொடுக்கும். எல்லாச் சோதனையும் முடிந்து, தவறு கம்பைலரில்தான் என்று உறுதியானால் தயங்காமல் அதை உருவாக்குவோருக்கே எழுதுங்கள். ஜி.சி.சி.யின் பிழைப் பதிவேடு எல்லோருக்கும் திறந்திருக்கிறது. அவர்கள் முக்கியமாகக் கேட்பவை பிழையைக் காட்டும் சிறிய புரோகிராம், கம்பைலரின் பதிப்பு எண், கம்பைல் செய்த கட்டளை போன்றவை. எந்தக் கல்லூரி, எந்த ஊர் என்று யாரும் கேட்பதில்லை.

ஆறாவது தலைப்பைத் தனியாளாகப் போய்க் கேட்டால் ஆசிரியர் தயங்கலாம். வகுப்பாகச் சேர்ந்து கேளுங்கள். கேட்கப் போகும்போது கையில் ஒரு மாதிரிப் பக்கத்தோடு போங்கள். இந்த மடலில் வந்த இலைக் கணக்கையே எழுதி, ஒருமுறை ஓ ஜீரோவிலும் ஒருமுறை ஓ டூவிலும் கம்பைல் செய்து, லூப்பின் கடைசி வரியில் நிறுத்தி, 'நிகரம்' என்ன காட்டுகிறது என்று இரண்டையும் அடுத்தடுத்து எழுதிக்கொள்ளுங்கள். இரண்டும் ஏன் வேறுபட்டன என்று கீழே நான்கு வரி. அடுத்த லேபில் அந்தப் பக்கத்தை நீட்டி, மற்ற ஐந்து தலைப்புகளுக்குப் போடுவது போல இதற்கும் ஒரு கையெழுத்துக் கேளுங்கள்.